பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். வீடு விழுப்புரத்தில். செஞ்சி சாலையிலும் அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போகும் ஊர்களிலும் எந்த வீட்டு மாடு கத்தினாலும் எனக்குத்தான் போன் வரும். வந்தால் உடனே கிளம்ப வேண்டும். மாடு பருவத்துக்கு வந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளைக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த இருபத்தொரு நாளைக்கு அதற்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாடாவது அந்த ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும். மாட்டுக்காரர்கள் அப்படி இல்லை.

நான் ஓட்டுவது என் வீட்டுக்காரருடைய பழைய நூறு சிசி பைக். அவர் துபாய் பக்கம் ஷார்ஜாவில் ஒரு வாடகைக் கார் கம்பெனியின் பணிமனையில் வேலை செய்கிறார். ஊரை விட்டுக் கிளம்பும்போது பைக்கை விற்றுவிடலாமா என்று கேட்டார். நான் ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஏரிக்கரைப் பள்ளத்தில் இறங்கினால் ஏறாது, கேனையும் அதில் கட்ட முடியாது என்றேன். சாவியைக் கொடுத்தார்.

கேன் என்றால் நைட்ரஜன் கேன். உறைவிந்துக் குச்சிகளைக் குளிரில் வைத்திருப்பது. பார்வைக்குப் பால் கேன் போல இருக்கும், பால் கேனைவிட மூன்று மடங்கு மரியாதை கேட்கும். அது நிமிர்ந்தே நிற்க வேண்டும், ஆடக் கூடாது, யார் மேலும் சாயக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நைட்ரஜன் நிரப்பத் திண்டிவனம் போவேன். அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பின் சீட்டின் மேல் இரும்புக் கூடு ஒன்று செய்து மாட்டினேன். கூட்டைத் தாங்க இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள், பின்சக்கரத்தின் அச்சு வரைக்கும் இறங்கி வந்தன. கேன் அசையவே இல்லை. அந்தப் பட்டைகளால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதல் பஞ்சர் மண்டகப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில், காலை பத்தரை மணிக்கு ஆனது. இரண்டு ஊர் தள்ளி ஒரு கறவை மாடு எனக்காகக் காத்திருந்தது. வண்டியோடு கம்பெனி கொடுத்த சாமான் பையைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். ஒரு திருப்புளி, ஒரு பிளக் ஸ்பேனர், தகரத்தை வெட்டிச் செய்தது போல ஒரு சாதா ஸ்பேனர். நான் அந்த ஸ்பேனரைப் பின்சக்கர அச்சு நட்டில் வைப்பதற்குள் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"குடும்மா, நான் பாக்கறேன்" என்று கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்.

பிறகு இன்னொருவர் வந்து அவரிடமிருந்து வாங்கினார். பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையிலிருந்து ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் ஐந்து பேர். இரும்புப் பட்டை குறுக்கே இருந்ததால் ஸ்பேனரைத் திருப்ப இடம் போதவில்லை. நாலு விரல் திரும்பும், பட்டையில் முட்டும், எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அப்படி வைத்து வைத்து நட்டின் முனைகளை மழுக்கிவிட்டார்கள். இந்தக் கூட்டை யார் செய்தது என்று கேட்டார்கள். திண்டிவனம் என்றேன். ஐந்து பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். அந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே அவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். கடைசியில் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போவில் பைக்கை ஏற்றினோம். கேனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து விழுப்புரம் வந்து சேர்ந்தேன். மழுங்கிய நட்டைக் கடையில் மாற்றினார்கள். மாட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. அடுத்த இருபத்தொரு நாளும், மாடு ஏன் சினை பிடிக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் "டயர்" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனில், சொந்தமாக ஸ்பேனர் வாங்கப் போகிறேன் என்றேன். எதையும் வாங்காதே, நான் அனுப்புகிறேன் என்றார். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஐந்து வருடமாக அவர் எனக்கு அனுப்பியதெல்லாம் சோப்பு, பிஸ்கட், ஒரு கம்பளி. அவருக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அவரோடு அறையில் தங்கியிருக்கும் கோட்டக்குப்பத்துக்காரர் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். நூற்றெட்டு சாமான்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே குழி. கோட்டக்குப்பத்துக்காரர் டீ குடிக்கும் வரைக்கும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "கீழ போட்டுடாதன்னு மூணு வாட்டி சொன்னாருங்க. ஏர்போர்ட்டுக்கு வந்து ஒரு வாட்டி சொன்னாரு" என்றார்.

பெட்டி பைக்கில் எங்கேயும் பொருந்தவில்லை. பின்னால் கேன். டேங்க் மேல் கையுறையும் ஊசிக் குழாய்க்குப் போடும் உறைகளும் குச்சியை உருக்கும் வெந்நீர்க் குடுவையும் வைக்கும் பை. பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அதன் எடை ஒரு கன்றுக்குட்டிக்குச் சமம். அதனால் கட்டில் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து நூற்றெட்டையும் பரப்பினேன். அதில் எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்பது பரப்பிய பிறகுதான் தெரிந்தது.

பைக்கை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார். என் வயதுதான், என்னை மேடம் என்பார். பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றி மறுபடி மாட்ட வேண்டும் என்றேன். பஞ்சரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். நீங்கள் எதையெல்லாம் கையில் எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன்.

வேலையை ஆரம்பித்தார். நான் எதிரே கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, மாட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பிரேக் கம்பிக்குப் பதினாலு. அச்சின் ஒரு பக்கம் பிடிக்கப் பதினேழு, மறுபக்கம் திருகப் பத்தொன்பது, அதையும் பட்டையில் முட்ட முட்ட எடுத்து வைத்துத்தான் திருகினார். டயரை நெம்பி எடுக்க லிவர் இரண்டு. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றச் சின்னதாக ஒன்று. கட்டிங் பிளேயர். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அவர் வழக்கத்தைவிட ஒழுங்காக வேலை செய்தார் என்று நினைக்கிறேன். ஒரு தடவை சுத்தியலை எடுக்கப் போய், என் பேனாவைப் பார்த்து, எடுக்காமல் விட்டுவிட்டார்.

முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி கேட்டார்: "இன்னாத்துக்கு மேடம் இதெல்லாம்? ஒரு போன் பண்ணீங்கன்னா நானே வண்டிய எடுத்துக்கினு வந்துடப் போறேன்."

அனந்தபுரத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். அனந்தபுரம் கொஞ்சம் தூரம் என்று ஒப்புக்கொண்டார். பஞ்சரை ஒட்டும் சாமான்களைப் பற்றியும் கேட்டேன். பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள் மூன்றும் வேண்டாம், முழு டியூபாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் நடுரோட்டில் ஒட்டிய பேட்ச் அடுத்த ஊர் வரைக்கும்தான் வரும் என்றார். அவர் அன்று சொன்னதில் மிகவும் உபயோகமானது இதுதான். மூன்று சாமான் ஒரே வார்த்தையில் குறைந்தது.

அடுத்த பத்து நாள் சாயங்காலங்களில் வீட்டுக்காரரோடு வீடியோ காலில் பேசினேன். நான் போர்வையைக் காட்டுவேன். அவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளச் சொல்வார். மூக்கு வளைந்த ஒரு பிளேயரைக் காட்டி, இது எதற்கு என்றேன். சர்க்ளிப் எடுக்க என்றார். சர்க்ளிப் எங்கே இருக்கிறது என்றேன். எஞ்சினுக்குள் என்றார். நடுரோட்டில் எஞ்சினைத் திறப்பேனா என்றேன். திறக்க மாட்டாய் என்றார். அதைப் பெட்டிக்குள் அதன் குழியில் வைத்தேன். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சாமான்கள் பெட்டிக்குத் திரும்பின. அதில் முக்கால்வாசி அங்குல அளவு. எங்கள் பைக்கில் அங்குலத்தில் ஒரு நட்டும் கிடையாது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

காற்றடிக்க, பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். சார்ஜ் போட மறந்துவிடுவேன் என்றேன். ஒரு சாண் நீளத்தில் கைப்பம்பு ஒன்றை இங்கேயே வாங்கினேன். சைக்கிள் கடைக்காரர், இதில் பைக் டயருக்கு அடித்தால் கை கழன்றுவிடும் என்று எச்சரித்தார். வீட்டு வாசலில் அடித்துப் பார்த்தேன். இருநூற்று எழுபது தடவை. தினமும் ஆறேழு மாட்டுக்குள் தோள்வரை கைவிட்டு வேலை செய்கிறவளுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது, பத்தொன்பதைத் தவிர. கடையில் வாங்கிய வளைய ஸ்பேனரின் தலை தடிமனாக இருந்தது. இரும்புப் பட்டைக்கும் நட்டுக்கும் நடுவில் நுழையவில்லை. கூட்டை மாற்றிக் கட்டலாம் என்றால் கேன் ஆடும். வீட்டுக்காரர் அனுப்பிய பெட்டியில் ஒரு பத்தொன்பது இருந்தது. ஒரு முனை திறந்த வாய், இன்னொரு முனை வளையம். மெல்லிசான வளையம். உள்ளே சுகமாக நுழைந்தது. ஆனால் நுழைந்த பிறகு ஸ்பேனரின் உடம்பு பட்டையில் போய் இடித்தது. வளையத்துக்குப் பக்கத்திலேயே வெளிப்பக்கமாக ஒரு வளைவு இருந்தால் பட்டையைத் தாண்டி வெளியே வந்து முழுசாகச் சுற்றலாம். அப்படி ஒரு ஸ்பேனர் கடையில் இல்லை.

நைட்ரஜன் நிரப்பத் திண்டிவனம் போன அன்று அதையும், டயர் லிவர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஸ்பேனரில் வளையத்தை மட்டும் அறுத்து லிவரின் தடித்த முனையில் ஒட்ட வேண்டும், ஒட்டும்போது வெளிப்பக்கமாக இவ்வளவு சாய்வு வேண்டும் என்று விரலை வளைத்துக் காட்டினேன். ஒரு முனையால் நட்டைக் கழற்றலாம், மறுமுனையால் டயரை நெம்பலாம். இரண்டு சாமான் ஒன்றாகிவிடும்.

பட்டறைக்காரர் ஸ்பேனரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியவர், எதற்கும் அவசரப்படாதவர்.

"புதுசாச்சேம்மா இது. வெளிநாட்டு சாமான். அறுக்கணுமா?"

அறுக்க வேண்டும் என்றேன்.

"வீட்ல கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். இந்த இரும்பு வெல்டிங்கைப் பிடிக்கும், ஆனால் எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுத்தார். அரை நிமிடம் பொறி பறந்தது. நூற்றெட்டு நூற்றேழாகக் குறைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த திறந்த வாய்ப் பக்கத்தை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். போனில் முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று வீடியோ இல்லாமல் பேசினேன். பத்தொன்பதை அறுத்துவிட்டேன் என்றேன். அவர் கேட்டார்:

"எந்தப் பக்கம் அறுத்த?"

"வளையத்துப் பக்கங்க."

"மீதி எங்க?"

"இருக்குங்க. எடுத்துக்கினு வந்துட்டேன்."

"பொட்டிலயே அதும் எடத்துல வையி" என்றார். வைத்தேன். குழி பாதி காலியாக இருந்தது. இரண்டு நாள் அவர் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். மூன்றாம் நாள் வெல்டிங்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்துவிட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடு, இல்லாவிட்டால் டியூபைக் கிழிக்கும் என்று எழுதியிருந்தார். தேய்த்தேன்.

எல்லாவற்றையும் சுருட்டி வைக்க, அவர் விட்டுப்போன ஒரு ஜீன்ஸ் பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அறையாகத் தைத்தேன். வளையம் வைத்த லிவர், சாதா லிவர், பதினாலும் பதினேழும் ஒன்றாக உள்ள ஸ்பேனர், வால்வு ஊசி கழற்றுவது, கட்டிங் பிளேயர், கைப்பம்பு, ஓர் ஓரத்தில், செயின் அறுந்தால் சேர்த்து மாட்டும் செயின் லாக் இரண்டு. மடித்த டியூபின் மேல் சுற்றிக் கட்டினால் ஒரு தலையணையில் முக்கால் பங்கு அளவு இருந்தது. அந்தச் சுருட்டைக் கேன் கூட்டின் பக்கவாட்டில் கட்டினால் ஆடாமல் நின்றது. எந்தப் பேண்ட் என்று அவர் கேட்டார். சொன்னேன். "அதையா" என்றார்.

அந்தச் சுருட்டைத் திறக்க வேண்டிய நாள் வர நாலு மாதம் ஆனது. நைட்ரஜன் நிரப்பிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது, வழியில் ஒருவர் திருவக்கரை பக்கத்திலிருந்து போன் பண்ணி மன்றாடியதால் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். அன்று கோயிலுக்குக் கூட்டம். பின்சக்கரம் உட்கார்ந்தபோது சாலையில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. புளியமர நிழலில் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பேண்ட் காலைப் பிரித்தேன். உடனே ஒருவர் வேனிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினார். லிவரைக் கொடுத்தேன். அவர் அதை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார்.

"இது இன்னாதும்மா?" என்றார்.

ஸ்பேனர் என்றேன். எப்படிப் பிடிப்பது என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடமே கொடுத்தார். அடுத்து வந்தவரும் அப்படித்தான். மூன்றாவது ஆள் வாங்காமலே தள்ளி நின்று பார்த்தார். யாரும் இல்லாத இடத்தில் வேலை செய்வது போல நான் வேலை செய்தேன். வளையம் நட்டில் உட்கார்ந்தது, கைப்பிடி பட்டையைத் தாண்டி வெளியே வந்தது, முதல் அழுத்தில் நட்டு கடக்கென்று இளகியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று துடைத்துக்கொண்டேன். பம்பு அடித்தபோது மட்டும் வேனிலிருந்த பெண்கள் எண்ண ஆரம்பித்தார்கள். நூறுக்கு மேல் அலுத்துப்போய்க் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஐம்பது நிமிடத்தில் வண்டி ஓடியது. போய்ப் பார்த்தால், போன் பண்ணியவரின் மாடு பருவத்திலேயே இல்லை. கயிறு இறுக்கியதால் கத்தியிருக்கிறது.

தை மாதம் வீட்டுக்காரர் லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளே பெட்டியை எடுத்துத் திறந்து அதில் மிச்சமிருந்ததையும் அந்தப் பாதியையும் பார்த்து, துணியால் துடைத்து வைத்தார். ஒருநாள் என்னோடு வேலைக்கு வருகிறேன் என்றார். கேன் இருப்பதால் பின்னால் இடமில்லை என்றேன். தம்பியின் வண்டியை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார்.

அனந்தபுரம் தாண்டி ஒரு கிலோமீட்டரில் எனக்குப் பஞ்சர். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, சட்டைக் கையை மடக்கி, "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் மெக்கானிக். நான் கல் மேல் உட்கார்ந்தேன். பேண்ட் காலைப் பிரித்து, லிவரை எடுத்து, வெல்டிங்கின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு வளையத்தை நட்டில் மாட்டினார். தலைகீழாக. கைப்பிடி உள்பக்கம் பட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து மாட்டினார், மறுபடி முட்டியது. ஷார்ஜாவில் அவருக்கு வண்டியைத் தூக்க ஒரு மெஷின், நட்டைக் கழற்ற ஒரு மெஷின். அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடத்தில்தான், மண்டகப்பட்டில் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிய ஐந்து பேர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. பக்கத்தில் ஒருவர் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

கேப்பை மூட்டையோடு வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, நான் பாக்கட்டுமா சார் என்றார். என் வீட்டுக்காரர் சங்கடமே இல்லாமல் எழுந்து லிவரைக் கொடுத்தார். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடைக்குது சார்?"

"கெடைக்காது. எங்க வீட்ல செஞ்சது" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் எழுந்து போய் வாங்கி மாட்டினேன். அவர் டயரைப் பிடித்துக்கொண்டார், மூட்டைக்காரர் பம்பு அடித்தார். அரை மணியில் முடிந்தது.

மாட்டுக்கார வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், அவர்தான் டாக்டர் என்று நினைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். மாடு எப்போது கத்த ஆரம்பித்தது, எத்தனை ஈத்து, போன தடவை எந்த மாதம் என்று மாட்டுக்காரர் அவரிடம் விவரமாகச் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போனேன். அந்த மாடு நல்ல பருவத்தில் இருந்தது, அசையாமல் நின்றது. முடித்துவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொம்பைத் தேடினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு, நான் கை கழுவி முடிக்கும் வரைக்கும் ஊற்றினார்.